தொண்டைக்கு ரூபாய், காதுக்குக் கருப்பட்டி

போன செவ்வாய்க்கிழமை என் மகள் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். நான் டி.வி. வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டி.வி.யை அணைத்துவிட்டு எங்கள் வீட்டு சீரியலையே கேட்டுக்கொள்கிறார்களாம். அவர்களுக்குக் கரண்ட் மிச்சம்... நல்லதுதானே? மகளுக்கு அது புரியவில்லை. முத்தையாபுரத்தில் பஸ் ஏற்றி, டவுனில் இறக்கி, புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கிளினிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

உள்ளே மூன்று கதவுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு போர்டு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கூட்டிப் படித்தேன். ஒன்றில் காது. ஒன்றில் மூக்கு. ஒன்றில் தொண்டை.

“பாட்டி, உங்களுக்கு எந்த ரூம்?” என்று கேட்டாள் டோக்கன் கொடுக்கிற பெண்.

பாட்டி என்றது காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். காது டாக்டரிடம் வந்தவள்தானே, அதற்குக்கூட உரிமை இல்லையா?

“காது,” என்றாள் மகள்.

“நல்லது. காதுக்குத்தான் ஃபீஸ் கம்மி.”

எனக்கு அது நன்றாகவே கேட்டது. “ஏன் கம்மி?” என்றேன்.

“மூக்கு டாக்டர் மூக்கை அழகாவும் ஆக்கி விடுதாரு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுங்க வாராங்க, அதனால அவருக்குத்தான் ரேட்டு கூட. தொண்டை டாக்டர் பெரிய ஆபரேஷன்னா நாள் முழுக்க நிப்பாரு, அவருக்கும் நல்ல ரேட்டு. காது டாக்டர் பாவம், தினமும் இருப்பாரு.”

“மூணு பேரும் படிச்சது ஒரே படிப்புதானே?”

“முதல்ல ஒண்ணுதான். பொறவு தனித்தனியாப் பிரிஞ்சிருது பாட்டி. படிப்பு பிரிஞ்சா ரேட்டும் பிரியும்லா?”

நான் சிரித்துவிட்டேன். மகள் முறைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? காதுக்கு விலை குறைவு என்பது எனக்குப் புதுச் செய்தியா என்ன...

ஜப்பான்காரன் குண்டு போட்டுவிடுவான் என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடியில் அப்போது மூன்று கதவு கிடையாது. ஒரே கதவு, ஒரே டாக்டர். காது, மூக்கு, தொண்டை மூன்றையும் அவர் ஒருவரே பார்த்தார். கை ஒன்றுதான், கத்தி ஒன்றுதான். கூலி மட்டும் மூன்று விதம்.

கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். அவருடைய கம்பவுண்டர் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, “அய்யா, ரெண்டு தொண்டை, ஒரு மூக்கு. காது வெளிய நிக்கு,” என்பார். தொண்டை என்றால் உப்பு முதலாளி, பஞ்சு முதலாளி வீட்டுப் பிள்ளைகள். டான்சில். அவர்களுக்கு உள்ளே நாற்காலி. மூக்குக்காரர்களுக்கு நடையில் பெஞ்சு. காதுக்காரர்களான நாங்கள் வாசலில் பூவரச மரத்தடியில் நின்றோம்.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? தொண்டை ரூபாய் கொடுத்தது. மூக்கு ஏதோ கொடுத்தது. காது என்ன கொடுக்கும்? காது கெட்டு வந்தவர்கள் எல்லாம் கடலில் முங்குகிறவர்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் மீன். டாக்டரோ சுத்த சைவம். முதலில் ஒருவர் பெரிய சீலா மீனைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடம் வரைக்கும் போய்விட்டாராம். டாக்டர் வீட்டு அம்மா போட்ட சத்தத்தில், கேட்காத காதும் கேட்டது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதற்குப் பிறகு காதுக்காரர்கள் மீனை விற்று, உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதுதான் காதுக்குக் கட்டணம் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு அப்போது நின்று பல வருஷம் ஆகியிருந்தது. கடலில் சிப்பி இல்லை. சங்கு மட்டும் இருந்தது. மூச்சை அடக்கி முங்கி, தரையைத் தடவி எடுத்து வருவார்கள். அது வங்காளத்துக்குப் போய் அங்கே உள்ள பெண்களுக்கு வளையலாகும்.

குளிப்புக்குப் புதிதாகப் போகிறவனுக்கு ஆழத்தில் காது பிளக்கிற மாதிரி வலிக்கும். ஒரு நாள் காதிலிருந்து ரத்தம் வரும். அதோடு வலி நின்றுவிடும். பிறகு எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம். இதற்கு எங்களிடம் ஒரு பேச்சு உண்டு, ‘காது திறந்திட்டு’ என்பார்கள். காது திறந்தவனுக்குத்தான் ஆழத்துக் கூலி. அவனுக்குத்தான் பெண்ணும் கொடுப்பார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது என் அண்ணன் அந்தோணி. கடலில் என் வீட்டுக்காரர் முங்கும்போது படகில் நின்று கயிறு பிடிக்கிறவன். “மாப்பிள்ளைக்கு ரெண்டு காதும் திறந்திருக்கும்மா!” என்று வீட்டில் வந்து சொன்னான். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். திறந்த காது கேட்காது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வாரம் முழுக்க நான் பேசினதற்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

முகத்துக்கு நேரே நின்று கத்தினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுப் பக்கம் நின்றால் இடியே விழுந்தாலும் தெரியாது.

இதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சொன்னால் சிரிக்கக் கூடாது.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். என் கஷ்டம் மற்றவர்களைவிடப் பெரியது. எங்கள் வேதத்தில் எதற்கெடுத்தாலும் ஏசுவையும் மாதாவையும் சூசையப்பரையும் சேர்த்து ‘சேசு மரி சூசை’ என்றுதான் கும்பிடுவோம். தும்மினால் அது, தடுக்கினால் அது, படகு இறங்கினால் அது. என் வீட்டுக்காரர் பெயர் சூசை. இதோ, சொல்லிவிட்டேன். ஊரெல்லாம் மூன்று பெயரும் சொல்லும்போது நான் ‘சேசு மரி’யோடு நிறுத்தி, மூன்றாவதை முழுங்கிவிடுவேன். அந்தப் புனிதர் என்னை மன்னிக்க வேண்டும்.

ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால்? அங்கே எனக்கு யார் தடை? அவர் வலை பின்னிக்கொண்டிருப்பார். நான் அரிசி புடைத்தபடி, “சூசை” என்பேன். தெருவில் அவருக்குப் பின்னாலேயே நடப்பேன். “ஏ சூசை” என்பேன். விதவிதமாகச் சொல்லிப் பார்ப்பேன். கோபமாக, கொஞ்சலாக, பாட்டு மாதிரி. அவர் போய்க்கொண்டே இருப்பார். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போக நெஞ்சுக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்தது.

ஒரே ஒரு தடவை அவர் திரும்ப வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. நான் கூப்பிட்டு அவர் திரும்ப வேண்டும்.

அதனால்தான் அந்த வருஷம் சங்குக் குளிப்பு முடிந்ததும் அடம்பிடித்து அவரை அந்த டாக்டரிடம் இழுத்துப்போனேன். துணைக்கு அண்ணன் வந்தான். தொண்டைகளும் மூக்கும் முடிந்து எங்கள் முறை வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. டாக்டர் நெற்றியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார்.

“என்ன வே இது, ரெண்டும் திறந்துல்லா கிடக்கு!” என்றார்.

அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஆமாங்கய்யா! நல்லாத் திறந்திருக்கு. எம்புட்டு ஆழம்னாலும் போவாரு.”

“அடப் பாவி மனுஷா. இடது காது கெட்டே போச்சு, அதுக்கு ஒண்ணும் செய்யதுக்கில்ல. வலதை மட்டும் மூடிப் பாக்கலாம்.”

“மூடவா?” அண்ணன் பதறிவிட்டான். “திறந்திருக்கும்போதே கேக்கலையேய்யா. மூடிட்டா பொறவு எப்படிக் கேக்கும்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “மேளம் பாத்திருக்கியா வே? தோலு கிழிஞ்ச மேளத்துல சத்தம் வருமா?”

“வராது.”

“கிழிஞ்ச இடத்தை ஒட்டினா?”

அண்ணன் யோசித்தான். “வரும்போலத்தான் இருக்கு... ஒட்டின பொறவு முங்கலாமாய்யா?”

“முங்கினா பிச்சிக்கிட்டு வந்திரும்.”

“அப்போ வேண்டாம்யா!” என்று எழுந்தேவிட்டான். “மூடுன காதுக்கு எவன் கூலி குடுப்பான்? திறந்தாத்தான் சோறு. ஏளா, எந்திரி, போவோம்.”

நான் எழுந்திருக்கவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்று, முகத்துக்கு நேரே, உதட்டை அசைத்து, கத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டினால் கேட்கும். முங்கினால் பிய்ந்துவிடும். என்ன செய்ய?

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாதல்லவா, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “கல்யாணமான நாள்ள இருந்து இவ என்னமோ பேசிக்கிட்டே கிடக்கா. என்னன்னுதான் ஒருக்க கேப்பமே. அடுத்த குளிப்புக்கு இன்னும் மாசம் கிடக்குல்லா? அதுவரைக்கும் கேட்டுக்கிடுதேன்.”

பூவரச மரத்தடியில் நின்ற காதுகள் எல்லாம் இதற்குச் சிரித்தன. யாருக்குக் கேட்டது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் ஏதோ மருந்தைத் தொட்டு அந்த ஓட்டையின் ஓரத்தை எரித்தார். பிறகு சிகரெட் சுற்றுகிற தாளில் துணுக்கு வெட்டி உள்ளே ஒட்டினார். ஆமாம், சிகரெட் தாள்தான். கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி, நகை செய்கிற ஆசாரி மாதிரி வேலை பார்த்தார். அதைப் போல் பல தடவை போய்வர வேண்டும் என்றார். ஒரு தொண்டையை முடிக்கிற நேரத்தைப் போல எத்தனையோ மடங்கு அந்த ஒரு காதுக்கு ஆனது.

ஒட்டி முடித்த மறு நிமிஷம் என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“யாரு அழுதா?”

உள்ளறையில் மயக்கம் தெளிந்த ஒரு முதலாளி வீட்டுப் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“அது தொண்டை,” என்றார் டாக்டர்.

எவ்வளவு தரணும் என்று அண்ணன் கேட்டான். டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “தொண்டை எனக்குச் சம்பாதிச்சுப் போடுது. மூக்கு வீட்டு வாடகையைக் குடுக்குது. காது வீட்டுல காப்பி போடுது. கருப்பட்டி இருந்தாக் கொண்டாங்க வே.” சண்டைக்காலத்தில் சீனிக்கு ரேஷன் வந்தபோது, ஊரில் கவலையில்லாமல் காப்பி குடித்த வீடு அவர் வீடாகத்தான் இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால். பழக்கம் இருக்கிறதே... என்னை அறியாமல், மெதுவாக, “சூசை” என்றேன்.

அவர் நின்றார்.

திரும்பினார்.

“யாரோ என்னையக் கூப்பிட்டாகளா?”

இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இவ்வளவும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“காக்கா,” என்றேன். “காக்காதான் கத்திச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மரத்தில் காக்கா இல்லை. மறுபடி முன்னால் நடந்தார். ஆனால் அவருடைய முதுகு சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அன்றோடு என் நாக்கு கட்டிக்கொண்டது. கேட்காத மனுஷனிடம் நாள் முழுக்கச் சொன்ன பெயர், கேட்கிற மனுஷனிடம் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. “ஏங்க” என்பேன், “இந்தாங்க” என்பேன். அந்தப் பெயர் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். காதை ஒட்டிக் கொடுத்த டாக்டரிடம் என் தொண்டையையும் காட்டியிருக்கலாம். ஆனால் தொண்டைக்கு ரூபாய் அல்லவா?

அவர் விடுவாரா? விடியும்போதே ஆரம்பிப்பார். “ஏளா, இன்னைக்குக் காக்கா கத்தலையா?” சோறு போடும்போது, “இந்த வீட்டுல ஒரு காக்கா கிடந்துச்சே, எங்கன போச்சு?” நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடுவேன்.

அந்த மாதங்களில் அவர் ஹார்பரில் மூட்டை ஏற்றப் போனார். கூலி கொஞ்சம்தான். ஆனால் காது கேட்கிறதல்லவா, நாலு பேரோடு பேசிக்கொண்டே வேலை செய்தார். சாயங்காலம் வந்து கேட்டதையெல்லாம் சொல்வார். விறகு வெட்டுகிற சத்தம் இப்படியா இருக்கும், கொதிக்கிற குழம்பு பேசுமா, கோவில் மணிக்கு வால் மாதிரி ஒரு இழுப்பு இருக்கிறதே என்பார். நான் பேசுவதையும் கேட்டார். “நீ இவ்வளவு கீச்சுனு பேசுவேன்னு நினைக்கலை,” என்றார். எனக்குக் கோபம் வந்தது. மனசுக்குள் தேனும் வந்தது.

பிறகு கப்பல் வருவது குறைந்தது. சண்டை முற்றிவிட்டது. மூட்டையும் இல்லை, கூலியும் இல்லை. காற்று மாறி, கடல் தெளிந்து, சங்குக் குளிப்பு அறிவித்துவிட்டார்கள்.

அண்ணன் வந்து வாசலில் நின்றான். “மாப்ள, என்ன செய்ய? கயிறை நான் பிடிக்கணுமா, வேற ஆளு பாக்கணுமா?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. “நீயே பிடி,” என்றார்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு இருந்தது. வீட்டில் அரிசி இல்லை.

குளிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டால் தாங்குமோ என்று ஒரு நப்பாசை. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இது எங்க தாங்கும்? ஏளா, நாளைக்குத் திறந்திரும். காக்கா ஒரே ஒருக்க கத்துனா என்ன?”

எவ்வளவோ முயன்றேன். சேசுவே, எவ்வளவோ முயன்றேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. பெயர் வரவில்லை. அவர் என் தலையைத் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் விடியற்காலை கரையில் எல்லாப் படகுகளும் நின்றன. பெண்கள் எல்லாரும் வந்திருந்தோம். படகைத் தள்ளும்போது எல்லாரும் சேர்ந்து, ‘சேசு மரி சூசை’ என்று சத்தமாகச் சொல்வது வழக்கம். அண்ணன் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தான். அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். படகு அலையில் ஏறியது. பெண்கள் ஆரம்பித்தார்கள், “சேசு... மரி...”

நான் கத்தினேன். “சூ...சை!”

என் உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். சுற்றி நின்ற பெண்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன பக்தி என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படகில் ஒருவர் மட்டும் திரும்பினார்.

அத்தனை முகங்களுக்கு நடுவே என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். எழுந்து நின்றார். கையைத் தூக்கி, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, “கா!” என்றார்.

எல்லாரும் விழித்தார்கள். அண்ணன், “ஏலே, பயத்துல புத்தி கெட்டுப்போச்சா?” என்று அவர் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தான். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கடிதம் அது. போய்ச் சேர்ந்துவிட்டது.

மத்தியானம் படகு திரும்பியது. சங்கு நிறைய. நான் பின்னால் போய் நின்று கூப்பிட்டேன். அவர் கயிற்றைக் காயப் போட்டுக்கொண்டே இருந்தார்.

குளிப்பு முடிந்ததும் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மறுபடி அந்த டாக்டர் வீட்டுக்குப் போனோம். கதவு பூட்டியிருந்தது. போர்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும். மதுரைக்குப் போய்விட்டார் என்றார்கள். அங்கே தொண்டைகள் அதிகமாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு மனுஷன் கருப்பட்டிக் காப்பியையே குடிப்பார்? எங்களுக்கு மதுரை வரைக்கும் போக வழியில்லை. மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கருப்பட்டியைத் திரும்பச் சுமந்து வந்தோம்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். நான் சட்டத்தை அன்றே கடலில் போட்டுவிட்டேன். ஊர் முன்னால், சம்பந்தி முன்னால், சாமியார் முன்னால் எல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். இருக்கட்டும். ஒரு நாளாவது திரும்ப மாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். அதுதான் பாக்கி.

காதுக்கு ஏன் விலை குறைவு என்று அந்த டோக்கன் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்கலாம். தொண்டை வலித்தால் அதை வைத்திருக்கிறவன் கத்துகிறான். மூக்கு முகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, கண்ணாடியில் தினமும் தெரிகிறது. காது போனவனுக்கோ, போனது என்ன என்றே தெரியாது. தெரியாத பொருளுக்கு எவன் விலை கொடுப்பான்? அந்த விலையைக் கொடுக்க ஒருத்தி தயாராக இருப்பாள். பின்னால் நின்று கூப்பிடுகிறவள். அவளிடம்தான் காசு இருப்பதில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டோக்கன் பெண் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை. எனக்குக் கேட்கவில்லை. மகள் தோளைத் தொட்டு, “அம்மா, உன்னையத்தான்,” என்றாள். எழுந்திருப்பதற்குள் மகளுக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனாள். சரி, வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். ஏ.சி. இரைச்சல், யாரோ இருமுகிறார்கள், அவளோ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முனகுகிறாள்.

“சூசை...”

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது மட்டுமல்ல, திரும்பியும் பார்த்தேன்.

மூக்கு ரூமுக்குப் போக வேண்டிய ஒரு பையன் என்னைத் தாண்டிப் போனான். “பாட்டி, உங்களை இல்ல,” என்றாள் டோக்கன் பெண்.

காது கேட்கவில்லை என்று கட்டின ஃபீஸை அப்போதே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.